படை வந்துவிட்டது

ஆஸ்பத்திரியில் அவளை ஊதாக்கை என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லும்போது 'அக்கா' என்று ஒரு மரியாதை ஒட்டிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் அதுவும் கிடையாது. நோயாளிகளின் நுரையீரலிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, காயவைத்து, ஊதாச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது அவள் வேலை. கையுறை போட்டுத்தான் செய்வாள். ஆனாலும் இருபது வருஷமாக ஒரே சாயத்தோடு மல்லுக்கட்டுகிறவளின் நகக்கண்ணுக்குள் அது புகாமல் இருக்குமா? பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்து உட்காருவார்கள். "தொத்து வியாதி இல்லீங்க, தொழில்" என்பாள். அவர்கள் இன்னும் கொஞ்சம் நகர்வார்கள்.

அவளுடைய அறை கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் உண்டு, ஆனால் அது வெளித் தரைமட்டத்தில் திறக்கும். வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். எந்த டாக்டர் வருகிறார் என்பதைச் செருப்பை வைத்தே சொல்லிவிடுவாள். மேசைமேல் ஒரு சுழற்றும் இயந்திரம். இரண்டு பக்கமும் எடை சரியாக வைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு மேசையில் நடக்க ஆரம்பித்துவிடும். மேலே வார்டில் டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் இறக்கி, உப்புநீரை விட்டுத் திரும்ப உறிஞ்சி எடுப்பார். அந்தக் கழுவிய நீர் நுரையோடு ஒரு சின்னக் குப்பியில் கீழே வரும். அதைச் சுழற்றி, அடியில் தங்குவதைத் தகட்டில் ஏற்றுவாள்.

தகட்டில் தெரிகிறவர்களுக்கு அவள் பெயர் வைத்திருந்தாள். மூச்சுக்காற்று போய்ச் சேரும் கடைசி இடம் குட்டிக் குட்டிக் காற்றறைகள். அங்கே பெரிதாக, உருண்டையாக, நுரைத்த வயிற்றோடு சில செல்கள் இருக்கும். நாம் பிறந்த காலத்திலிருந்தே அங்கே வாசம். தூசி வந்தால் தின்னும், செத்த செல் கிடந்தால் தின்னும், வழிதவறி வந்த கிருமியையும் சத்தம் போடாமல் விழுங்கிவிடும். எதற்கும் ஊரைக் கூட்டாது. புத்தகத்தில் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர் இருந்தது. அவள் வைத்த பெயர் குடித்தனக்காரர்கள். இன்னொரு வகை, ஆபத்து என்றதும் ரத்தத்திலிருந்து ஓடிவருபவை. உருவத்தில் சின்னது, வேகம் பெரிது. அவற்றைப் படை என்பாள். நல்ல நுரையீரலில் குடித்தனக்காரர்களே நிறைந்திருப்பார்கள். படையில் ஒன்றிரண்டு பேர் ரோந்து வந்ததுபோல் தட்டுப்படுவார்கள்.

அவள் வேலை பார்த்த இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. சட்டப்படி தகட்டில் கண்டதை டாக்டருக்குத்தான் சொல்லவேண்டும். ஆனால் படிக்கட்டில் வழிமறித்து, "எங்க ஆளுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று அழுதுகொண்டு நிற்கிறவர்களிடம் என்ன சட்டம் பேசுவது? சாதாரண நிமோனியாத் தகட்டில் படையும் கிருமியும் கலந்து கிடந்தால், "படை வந்துடுச்சு. மருந்தும் போகுது. பயப்படாதீங்க" என்பாள். பெரும்பாலும் அப்படியே நடந்தது. பிழைத்துப் போனவர்கள் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கையைப் பார்த்து யாரும் நகரவில்லை. மனுஷிக்குக் கர்வம் வராமல் என்ன செய்யும்?

கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள்தான். வயது நாற்பதை எட்டிப் பார்க்கும்போது ஒருநாள் ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே அவளும் ஒரு தட்டுக் குப்பிகளும். மேலே எங்கோ ஒரு ஆண் குரல் கேட்டது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்! சீக்கிரம் திறங்க, சாம்பிள் கெட்டுப்போயிடும்!"

"சாம்பிள் கெடட்டும். நீங்க கெடாம இருக்கீங்கள்ல?"

அந்தக் குரலுக்கு உரியவர்தான் லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கிரீஸ் படிந்த கையை நீட்டி அவளை வெளியே தூக்கிவிட்டார். இரண்டு கைகளும் பிரிந்தபோது அவர் கையில் ஊதாவும் அவள் கையில் கறுப்பும் ஒட்டியிருந்தன. "ரெண்டு பேருக்கும் சோப்புச் செலவு ஜாஸ்தி" என்றார். மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்பதை அடுத்த தடவை லிஃப்ட் கெட்டபோது சொன்னார். அதற்கடுத்த தடவை லிஃப்ட் கெடவே இல்லை, சும்மா வந்தார்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போன அன்று, நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவினா போகாதா?"

"போகாதும்மா."

"அப்ப என் டிபன்பாக்ஸைத் தொடாதீங்க சித்தி."

சித்தி என்று கூப்பிடும்படி யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து சித்திதான், நீங்கதான். பெண் ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. எதிர்த்துப் பேசவில்லை, அடம்பிடிக்கவில்லை, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தாள். தொல்லை கொடுத்திருந்தால் ஊதாக்கைக்கு நன்றாக இருந்திருக்கும். சொந்தத் தாயிடம்தானே பிள்ளை கதவைச் சாத்தும், தட்டைத் தள்ளும்? இவளிடம் 'தாங்க்ஸ் சித்தி' என்று சொல்லும். அப்பாவிடம் மட்டும் வாய் ஓயாது. அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார். இருவரும் உட்கார்ந்து ரயிலைப் பற்றியும் கம்பிகளைப் பற்றியும் பேசுவதை, பாத்திரம் துலக்கிக்கொண்டே ஊதாக்கை கேட்பாள். பொறாமை இல்லை என்றால் பொய். ஆனால் அது கடிக்கிற பொறாமை இல்லை, வாலாட்டுகிற பொறாமை.

பெண் வளர்ந்து ரயில் ஓட்டுநர் பயிற்சிக்குத் தேர்வாகி வேறு ஊருக்குப் போனாள். "நான் மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டுக் கிடக்கேன், என் பொண்ணு ஊர் ஊரா இழுக்கப்போறா" என்று லிஃப்ட்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தினமும் அவர் சாயங்காலத் தேநீர் குடிக்கிற நேரத்துக்குப் போன் வரும். கடைசியில் போனை ஊதாக்கையிடம் கொடுப்பார். "நல்லா இருக்கீங்களா சித்தி?" "நல்லா இருக்கேன்மா. நீ?" "நல்லா இருக்கேன்." அவ்வளவுதான் அவர்களுடைய பங்கு.

அந்த வருஷம் இன்ஃப்ளூயன்சா ஊரையே ஒரு உலுக்கு உலுக்கியது. பள்ளிக்கூடங்களில் பாதி பெஞ்சு காலி. ஆஸ்பத்திரியில் ஊழியர்களே வரிசையாகப் படுத்தார்கள். ஊதாக்கையோடு வேலை செய்த இன்னொரு டெக்னீஷியனும் காய்ச்சலில் விழுந்தார். ஊதாக்கை தனியாளாக எல்லாத் தகட்டையும் பார்த்தாள்.

லிஃப்ட்காரருக்கும் காய்ச்சல் வந்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. "இன்னிக்கு ஒருநாள் வீட்ல இருங்களேன்" என்றாள். "பன்னெண்டாவது மாடியில ஒரு கிழவி மாட்டிக்கிட்டா, நான் காய்ச்சல்னு சொன்னா விடுமா?" என்று மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினார். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. "பார்த்தியா, எங்கிட்ட தாக்குப்பிடிக்க முடியாம ஓடிடுச்சு" என்று மார்தட்டிக்கொண்டார். மறுநாள் சொந்த வீட்டுப் படியில் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இளைத்தது. அப்போதும் சிரிப்புத்தான். "லிஃப்ட் இல்லாத வீட்ல குடியிருக்கிற லிஃப்ட்காரன். இதைவிடக் கேவலம் உண்டா?" அவருடைய உதடு அவள் விரல் நிறத்துக்குப் போயிருந்தது. ஊதாக்கை சிரிக்கவில்லை. வாடகை வண்டியைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுக்கள். வைரஸுக்கான மருந்து கொடுத்தார்கள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், வேறு ஏதாவது கிருமியும் உள்ளே புகுந்திருக்கிறதா என்று பார்க்க, நிதானமாக நுரையீரலைக் கழுவி நீர் எடுத்தார். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பார்க்கறதுக்கு வேற ஆள் இல்லையா அக்கா?"

"எல்லாரும் படுத்துக்கிட்டாங்க. குடுங்க டாக்டர். நானே பார்க்கறேன்."

சொந்த ஆளின் சாம்பிளைப் பார்க்கக்கூடாது என்று ஒரு வழக்கம் அங்கே இருந்தது. அந்த வழக்கம் ஏன் வந்தது என்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

கீழே வந்து சுழற்றினாள், தகட்டில் ஏற்றினாள், சாயம் விட்டாள். கண்ணை வைத்துப் பார்த்தவுடன் அவளுக்கு மூச்சு வந்தது. படை! எள் போட்டால் எள் விழாத கூட்டம். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் படை. கிருமி இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குடித்தனக்காரர்கள்தான் சரியாக அகப்படவில்லை. தேடித் தேடிப் பார்த்ததில் எங்கோ ஒன்று, அதுவும் உப்பி உடைந்துபோய்க் கிடந்தது. கழுவிய நீர் ஆழம் வரை போகவில்லை, அதனால்தான் அவர்கள் வரவில்லை என்று மனதுக்குள் ஒரு காரணம் எழுந்தது. அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். படை நிறைய, கிருமி இல்லை. அப்படியென்றால் சண்டை முடிந்துவிட்டது, ஜெயித்தாயிற்று!

இருபது வருஷம் தகடு பார்த்தவள் செய்யக்கூடிய தப்பு அது. ஒன்றும் தெரியாதவள் அதைச் செய்திருக்கவே முடியாது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் அந்த நுண்ணோக்கிக்குத் தெரிகிற அளவு பெரியதே இல்லை. இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். ஆனால் கண்ணாடிக்குக் கீழே கிடந்தது அவளுடைய மனிதர். ஆசை வந்து உட்கார்ந்த இடத்தில் அறிவு எழுந்து போய்விடும். அறிக்கையில் அவள் கை சரியாகத்தான் எழுதியது: ரத்தத்திலிருந்து வந்த செல்கள் மிக அதிகம், பெரிய செல்கள் மிகமிகக் குறைவு. கை எழுதியதை மனசு படிக்கவில்லை.

டாக்டர் படித்தார். அவர் முகம் மாறியது.

"பொண்ணு வெளியூர்லதானே இருக்கு? வரச்சொல்லிடுங்களேன் அக்கா."

"எதுக்கு டாக்டர்? படை வந்துடுச்சே. கிருமி ஒண்ணுகூட இல்ல."

"இல்லக்கா, இது வேற மாதிரி..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பக்கத்து வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடிவிட்டார். சின்னப் பையன், நேற்று வந்தவன், எல்லாவற்றுக்கும் பயப்படுகிறான் என்று ஊதாக்கை நினைத்துக்கொண்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியைப் பெண்ணுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சாயங்காலம் போன் வந்தது. இந்தத் தடவை முதலிலேயே அவளிடம் வந்தது.

"சித்தி, நான் கிளம்பி வரட்டுமா?" குரல் உடைந்திருந்தது. "நாளைக்கு எனக்குக் கடைசிப் பரீட்சை. விட்டா அடுத்த வருஷம்தான். பரவாயில்ல. வரட்டுமா?"

"வேணாம்மா. பரீட்சைய முடிச்சுட்டு வா."

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"கண்ணாடியில நானே பார்த்தேன்மா. படை வந்துடுச்சு. மலை மாதிரி வந்தது பனி மாதிரி போயிடும்."

"நிஜமா சொல்றீங்களா சித்தி?"

"நான் எப்பவாவது தப்பா சொல்லியிருக்கேனா?"

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "சரி சித்தி. நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி. இத்தனை வருஷத்தில் அந்தப் பெண் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊதாக்கை போனை வைத்துவிட்டு வராந்தாவில் கொஞ்சநேரம் அந்த இனிப்போடு நின்றாள். அதற்காக அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மதியம் லிஃப்ட்காரரின் மூச்சு துண்டு துண்டாக வந்தது. முகமூடி வைத்துப் பார்த்தார்கள், காற்றழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் அளவு படியிறங்கிக்கொண்டே போனது. தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில்தான் வைக்கவேண்டும், அதற்கு மயக்க மருந்து கொடுப்போம் என்றார் டாக்டர். ஊதாக்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண்ணுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். பயிற்சி நிலையத்தில் பரீட்சைக்குப் போகிறவர்கள் போனை வாசலில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். போகச் சொன்னவள் இவள்தான்.

லிஃப்ட்காரர் முகமூடியை ஒரு ஓரமாக நகர்த்தினார்.

"பாப்பா... வர்றாளா?"

"பரீட்சை... முடிஞ்சதும் வந்துடுவா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையை வாசல் பக்கம் திருப்பினார். நர்ஸ் வந்து ஊசியை ஏற்றினார். லிஃப்ட்காரரின் சத்தம் அதற்குப் பிறகு இந்த உலகத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பெண் மறுநாள் காலையில் பயிற்சிச் சீருடையோடு வந்து சேர்ந்தாள். பரீட்சையில் பாஸ். அதைச் சொல்லவேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்தின் தாளத்துக்கு மார்பு ஏறி இறங்கப் படுத்திருந்தார். டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனிதர், அவசரப்படாமல் சொன்னார்.

"நுரையீரல்ல பொறந்ததுல இருந்தே இருக்கிற காவல் செல்கள் இருக்கு. உங்க சித்தி அதுக்குக் குடித்தனக்காரங்கன்னு பேர் வச்சிருக்காங்க. அதுங்களுக்கு எதை அடிக்கணும், எதை விடணும்னு தெரியும். இந்தக் காய்ச்சல் முத்தினா அதுங்க கூட்டமா செத்துப்போயிடும். காலியான இடத்துக்கு ரத்தத்துல இருந்து புது ஆளுங்க திமுதிமுன்னு வருவாங்க. அவங்களுக்கு அந்த இடத்து நெளிவு சுளிவு தெரியாது. வைரஸையும் அடிப்பாங்க, சுவரையும் இடிப்பாங்க, இன்னும் ஆள் வேணும்னு கூப்பாடும் போடுவாங்க. சுவர் ஓட்டையாகி, காத்து நிக்கவேண்டிய இடத்துல தண்ணி நிக்குது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை."

"அப்ப வைரஸ்?"

"அது இந்நேரம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். நெருப்புதான் நிக்கல. அதை அடக்க எங்களால முடிஞ்சதைச் செய்யறோம்."

பெண் டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்: "கண்ணாடியில பார்த்தா இது தெரியாதா டாக்டர்?"

டாக்டர் ஊதாக்கையின் பக்கம் திரும்பினார். அவர் பாவம், என்ன சொல்வார்? ஊதாக்கைதான் சொன்னாள்.

"தெரிஞ்சதும்மா. நான்தான் வேற மாதிரி படிச்சுட்டேன்."

பெண் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று ஊதாக்கைக்குத் தெரியவில்லை. பெண் எழுந்து போய் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. "தண்ணி வேணுமா சித்தி?" என்று கேட்பாள், கொண்டுவந்து வைப்பாள். அந்த மரியாதை ஊதாக்கையை உப்புக்காகிதமாக உரசியது.

ஒரு வாரத்துக்குமேல் இயந்திரம் மூச்சு விட்டது. நடுவில் இன்னொரு தடவை நுரையீரலைக் கழுவி நீர் எடுத்தார்கள். காய்ச்சல் விட்டுத் திரும்பியிருந்த சக டெக்னீஷியன் அதைப் பார்த்தார். ஊதாக்கை அறைக்குள் போகாமல் வாசலில் நின்றாள்.

"என்ன தெரியுது?"

"கூட்டம் கொஞ்சம் கலைஞ்சிருக்கு அக்கா. வந்ததுல சிலது உருண்டு திரண்டு பெருசாயிட்டு வருது. பழைய ஆளுங்க மாதிரியே. வேலையக் கத்துக்க ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கிறேன்."

அது நல்ல செய்திதான். வந்தவர்கள் தங்கி, இடத்தைப் பழகி, குடித்தனக்காரர்களாக மாறுவது உண்டு. ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். முழுதாக மாறினாலும் பழைய நிதானம் வர இன்னும் நாள் பிடிக்கும். லிஃப்ட்காரரின் நுரையீரலுக்கு அவ்வளவு நாள் கிடைக்கவில்லை. இடிந்த சுவரில் புதிதாக வேறொரு கிருமி புகுந்தது. ஒரு காலை நேரத்தில், ஜன்னலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் போய்விட்டார்.

செய்யவேண்டியது எல்லாம் செய்து முடிந்தது. லிஃப்ட்காரரின் அக்கா, பெண்ணுக்கு அத்தை, வந்திருந்தாள். அழுது ஓய்ந்த பிறகு, சமையலறையில் ஊதாக்கைக்குக் கேட்கும்படியே பெண்ணிடம் சொன்னாள்: "இனிமே இங்க உனக்கு யாரு இருக்கா? லீவு கிடைச்சா எங்க வீட்டுக்கு வா." பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஊதாக்கைக்குப் போதும். லிஃப்ட்காரர் என்ற ஒரு கம்பியில்தான் இந்த உறவு தொங்கிக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

அத்தை கிளம்புவதற்கு முன் ஊதாக்கையைத் தனியே இழுத்தாள். கல்நெஞ்சக்காரி இல்லை அவள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"கடைசியா என்ன சொன்னாருன்னு பொண்ணு கேக்கும். கேட்டா, பரீட்சைய நல்லா எழுதச் சொன்னாரு, சந்தோஷமா கண்ணை மூடினாருன்னு சொல்லிடு. யாருக்கும் நஷ்டமில்ல. உனக்கும் நல்லது."

அது உண்மையில் நல்ல யோசனை. அவர் அப்படிச் சொல்லக்கூடியவரும்தான். அந்த அறையில் அப்போது இருந்தது ஊதாக்கையும் ஒரு நர்ஸும். நர்ஸுக்குத் தினம் பத்துப் பேர், அவர் எங்கே ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்? ஊதாக்கை ராத்திரியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினாள். நாக்குக்கு நன்றாகவே படிந்துவிட்டது.

பெண் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. பையை வாசலில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். ஊதாக்கை இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

கேள்வி வரும் என்று தெரியும். பதிலும் தயார். ஊதாக்கை தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பழகிய வாக்கியம் வாய்வரை வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை இந்தப் பெண்ணிடம் கண்ணால் கண்டதைச் சொல்லாமல் மனசு விரும்பியதைச் சொன்னாள். அதற்கு அந்தப் பெண் 'நீங்க சொன்னா சரி' என்றாள். இன்னொரு தடவை அவளால் முடியவில்லை.

"உன்னைக் கேட்டாரும்மா. 'பாப்பா வர்றாளா'ன்னு கேட்டாரு. பரீட்சை முடிஞ்சதும் நீ வருவேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் எதுவும் பேசல."

பெண் அசையவில்லை.

"கோபமா இருந்தாரா?"

"இல்ல. வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. யாரோ வண்டி தள்ளிட்டுப் போனாங்க, தலையைத் தூக்கிப் பார்த்தாரு. நர்ஸ் உள்ள வந்தாங்க, நீன்னு நினைச்சுட்டாரு போல, கை லேசா எழும்புச்சு. அப்புறம் கீழ போட்டுட்டாரு. மருந்து ஏறிக் கண்ணு சொருகற வரைக்கும் வாசலைத்தான் பார்த்தாரு." குரல் கிழிந்தது. "நான்தான்மா உன்னை வரவிடாம பண்ணினேன். நீ வரட்டுமான்னு கேட்ட. நான்தான்..."

சொல்லி முடித்துவிட்டு அடியை எதிர்பார்க்கிறவளைப் போல நின்றாள். பெண் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று இருந்தாள். பெண் போகவில்லை. சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைத் தேடினாரா?"

"தேடினாரும்மா."

அப்போதுதான் அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், எல்லாம் முடிந்த அன்றும் அழாதவள், சமையலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நாலாம் வகுப்புப் பிள்ளையாக அழுதாள். அப்பா தன்னை நினைக்காமலே, மயக்கத்திலேயே போய்விட்டாரோ என்று இத்தனை நாளும் உள்ளே வைத்துப் புழுங்கியிருக்கிறாள். ஊதாக்கைக்கு அவளைத் தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தேநீர் மேடைமேல் ஆறிக்கொண்டிருந்தது.

கொஞ்சநேரம் கழித்துப் பெண் முகத்தைத் துடைத்தாள்.

"நர்ஸ் வந்தப்போ கையத் தூக்கினாருன்னு சொன்னீங்களே. எந்தக் கை?"

"வலது கை. ஊசி குத்தி வச்சிருந்த கைதான்."

"வலிச்சிருக்கும்ல? இருந்தும் தூக்கினாரா?"

"தூக்கினாரு."

"அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க சித்தி."

ஊதாக்கை கண்ணை மூடிக்கொண்டாள். ஆயுசு முழுக்க மறக்கவேண்டும் என்று நினைத்த இடம் அது. அந்தப் பெண்ணுக்கு அப்பாவிடமிருந்து மிச்சம் கிடைத்ததும் அது ஒன்றுதான். அதைப் பார்த்தவள் உலகத்தில் இவள் ஒருத்தி. யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனதிலிருந்து ஆரம்பித்து அவள் மறுபடியும் சொன்னாள். அதன்பிறகு வந்த வருஷங்களிலும், ரயில் ஓட்டிவிட்டு வந்து பெண் அந்த வீட்டில் தங்கிய நாட்களில், கேட்டபோதெல்லாம் சொன்னாள்.